பாடசாலைப் பக்கம்: பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் கைகொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கட பாடசாலையில் படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், “இங்கே நகரங்களில் சார்ட்டர் பாடசாலை என்று ஒன்று இருக்கிறது. காசு அரசுடையது, நிருவாகம் தனி. பழைய மாணவர் சங்கம் முன்வந்தால் நம்ம பாடசாலையையும் அப்படி எடுத்து நடத்தலாம்” என்கிறார். நடக்கிற காரியமா?
— பழைய மாணவர் சங்க உறுப்பினர், கல்லடி

எடுத்து நடத்த முடியாது. அதற்கு இங்கே சட்டம் இல்லை. ஆனால் அவர் சொன்ன விவரம் சரிதான். சார்ட்டர் பாடசாலை தனியார் பாடசாலை அல்ல. பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கும். நடத்துவது ஒரு தனிச் சபை. மாநிலமோ உள்ளூர்க் கல்விச் சபையோ, சில இடங்களில் பல்கலைக்கழகமோ அந்தச் சபையோடு ஒப்பந்தம் எழுதும்: இத்தனை ஆண்டுக்குள் இந்தப் பெறுபேறு, இந்த மாதிரிக் கணக்கு வழக்கு. தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, பாடசாலை மூடப்படும். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் சீட்டுக் குலுக்கித்தான் பிள்ளைகளை எடுக்க வேண்டும்.

முதற்சட்டம் 1991 இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. முதற்பாடசாலை அடுத்த ஆண்டு அங்கேயே செயின்ட் போல் நகரில் திறந்தது. 2005 இல் கத்ரீனா சூறாவளி அடித்த நியூ ஓர்லியன்ஸ்தான் இதில் எல்லை வரை போன நகரம். 2019 அளவில் அதன் அரச பாடசாலைகள் எல்லாமே சார்ட்டராகிவிட்டன. 2024 இல் அந்நகரக் கல்விச் சபை சார்ட்டர் இல்லாமல் தானே நடத்தும் ஒரு பாடசாலையைத் திறந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பாருக்கு இந்த ஏற்பாடு முழுக்கப் புதிதும் அல்ல. மெதடிஸ்த மிஷனும் யேசு சபையினரும் இராமகிருஷ்ண மிஷனும் இங்கே நடத்தியவை உதவி பெறும் பாடசாலைகள். ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது; ஆசிரியரை எடுப்பதும் நடத்துவதும் முகாமையாளர் கையில் இருந்தது. 1960, 1961 ஆண்டுச் சட்டங்களோடு அவற்றில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பதைவிட, சார்ட்டர்களில் நன்றாக நடந்தவை உள்ளே என்ன செய்தன என்று கேட்பது பயன் தரும். அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.

கேள்வி: அந்தப் பாடசாலைகளில் பெறுபேறு உண்மையிலேயே கூடியதா? கூடியிருந்தால் எதனால்?
— பிரதி அதிபர், கல்முனை

சராசரியாகப் பார்த்தால் விடை கலவை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று 2009 இல் வெளியிட்ட அறிக்கையில், கணிதத்தில் 17 வீதமான சார்ட்டர்கள் பக்கத்து அரச பாடசாலைகளைவிட மேல், 37 வீதம் கீழ், மிச்சத்தில் வித்தியாசம் இல்லை. அதே குழு 2015 இல் 41 நகரப் பகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது கதை மாறியது. நகர சார்ட்டர் பிள்ளைகள் ஆண்டுக்குக் கணிதத்தில் 40 நாள் படிப்புக்கும் வாசிப்பில் 28 நாள் படிப்புக்கும் சமமான அளவு முன்னே நின்றார்கள். பெயர்ப்பலகையில் சார்ட்டர் என்று இருப்பதால் ஒன்றும் நடந்துவிடாது என்பதை இந்த இரண்டு அறிக்கையும் சேர்ந்து சொல்கின்றன.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வில் டொபி, ரோலண்ட் ஃபிரையர் என்ற இரு பொருளியலாளர்கள் நியூயோர்க்கின் 35 சார்ட்டர்களுக்குள் போய் விடை தேடினார்கள். வகுப்பில் எத்தனை பிள்ளை, பிள்ளைக்கு எவ்வளவு செலவு, ஆசிரியருக்கு என்ன பட்டம் என்று நாம் வழக்கமாகக் கேட்கும் கணக்குகளுக்கும் பெறுபேற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை. தென்பட்டவை ஐந்து. ஆசிரியருக்கு அடிக்கடி பின்னூட்டம் கொடுப்பது, சிறு பரீட்சைப் புள்ளியை வைத்துக் கற்பித்தலை மாற்றுவது, மிகச் சிறு குழுவில் அடிக்கடி மேலதிகக் கற்பித்தல், கூடுதல் நேரம், எந்தப் பிள்ளையையும் கைவிடாத எதிர்பார்ப்பு.

பிறகு ஃபிரையர் 2010 முதல் இதே ஐந்தையும் ஹூஸ்டன் நகரின் பின்தங்கிய சாதாரண அரச பாடசாலைகளில் புகுத்திப் பார்த்தார். கணிதம் தெளிவாக ஏறியது. வாசிப்பு அசைந்தது மிகக் கொஞ்சம். சார்ட்டர் அல்லாத பாடசாலையிலும் இது நடக்கும் என்பதால் கல்முனைக்கு இந்தச் செய்திதான் பெரியது. ஆனால் ஐந்தையும் ஒரே தவணையில் தொடங்க வேண்டாம். சிறு குழுக் கணிதத்தையும் ஆசிரியர் பின்னூட்டத்தையும் எடுங்கள். நேரத்தைக் கூட்டுவதைக் கடைசிக்கு விடுங்கள். பிற்பகல் ஒன்றரைக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே நீட்டிய நேரத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது வியர்வைதான்.

கேள்வி: தரம் 7 இல் 42 பிள்ளைகள். அதில் பன்னிரண்டு பேருக்குக் கழித்தலே சரியாக வராது. அவர்களுக்காக நின்றால் பாடத்திட்டம் போகாது, பாடத்திட்டத்தோடு போனால் அவர்கள் போய்விடுவார்கள். என்ன செய்வது?
— கணித ஆசிரியை, ஏறாவூர்

மிஸ், அந்தப் பன்னிரண்டு பேரையும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே குழுவாக்கிவிடாதீர்கள். அவர்களின் புள்ளி ஒன்றாக இருக்கலாம், பிழை ஒன்றல்ல.

ஒரு தாளில் 12 கணக்கு கொடுங்கள்: கழித்தல் 3, பெருக்கல் 3, வகுத்தல் 2, பின்னம் 3, வசனக் கணக்கு 1. நேரம் 25 நிமிடம். செய்கை வழி அழிக்கப்படாமல் தாளிலேயே இருக்க வேண்டும், அழிறப்பர் வேண்டாம். இனி 503 இலிருந்து 278 ஐக் கழிக்கும் கணக்கைப் பாருங்கள். விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதியிருந்தால், அது ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதை எடுக்கிறது. கடன் எடுப்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 325 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் எடுக்கத் தெரியும். பூச்சியத்தை 9 ஆக்கியது, ஆனால் நூறினிடத்து 5 ஐ 4 ஆக்க மறந்தது. 235 என்று எழுதியது பெரும்பாலும் கவனப் பிழை. மூன்றுக்கும் தவணைப் பரீட்சையில் கிடைப்பது அதே பூச்சியம்தான், ஆனால் செய்ய வேண்டியது மூன்றுக்கும் மூன்று விதம். 325 காரருக்கு இரண்டு மூன்று அமர்வு போதும். 375 காரருக்கு ஈர்க்குக் கட்டு வேண்டும். பத்து ஈர்க்காகக் கட்டிய ஐந்து கட்டும் உதிரி இரண்டும் வைத்து, 27 ஐ எடுத்துத் தா என்று கேளுங்கள். உதிரியில் ஏழு இல்லை. ஒரு கட்டை அவிழ்க்காமல் எடுக்க வழியே இல்லை. பிள்ளை தானே அவிழ்த்த பிறகுதான் தாளில் அதே கணக்கை எழுத வேண்டும்.

பிழையின்படி மூன்று மூன்று பேராக நான்கு குழு. ஹூஸ்டனில் தரம் 4 இல் மூவருக்கு ஒருவர், தரம் 6, 9 இல் இருவருக்கு ஒருவர் என்று வைத்தார்கள். மூன்று வரை போகலாம். “ஆள் இல்லை, எட்டாக வைப்போம்” என்று யாராவது சொன்னால் அது இன்னொரு ரியூசன் வகுப்பாகிவிடும். எட்டில் ஆறு பேர் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள்.

கற்பிப்பவர் யார்? உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்கள். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு குழுவை எடுக்கலாம். குழுவுக்கு 30 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்குக் கிழமைக்கு மூன்று மணித்தியாலம், பத்துக் கிழமைக்கு முப்பது, இருவருக்கும் அறுபது. அந்த அறுபது மணித்தியாலத்துக்கு ஒரு சிறு கொடுப்பனவும் போக்குவரத்துக் காசும் கொடுங்கள். சும்மா கூப்பிட்டால் மூன்றாம் கிழமையோடு நின்றுவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, அன்று வேண்டாம். மாலையில் குர்ஆன் மத்ரஸா இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்டதும் ஒரு பணிசும் தேநீரும் கொடுத்து அரை மணி நேரத்தில் அனுப்பிவிட வேண்டும். உடற்கல்வி, சித்திரப் பாடவேளையில் இழுத்து எடுக்காதீர்கள். கணக்கு வராத பிள்ளைக்கு அன்றைக்குப் பாடசாலை வருவதற்கு இருக்கும் ஒரே காரணம் அதுவாக இருக்கலாம்.

கற்பிக்க வரும் இளையோர் எல்லோரும் செய்யும் ஒரு பிழை உண்டு. பிள்ளை திணறியதும் பேனையை வாங்கித் தாங்களே செய்து காட்டுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பேனை எப்போதும் பிள்ளையின் கையில். இன்னொன்று, வகுப்பாசிரியர் கொடுத்த வீட்டு வேலையைச் செய்து முடிக்கும் இடமாக இது மாறிவிடும். பெற்றாருக்கு அது பிடிக்கும், பிள்ளைக்குப் பயன் இல்லை. பெற்றாரின் எழுத்துச் சம்மதம், அதிபரின் அனுமதிக் கடிதம், கதவு திறந்த வகுப்பறை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஓர் ஆசிரியர்: இந்த நான்கும் இல்லாமல் தொடங்கக் கூடாது. ஐந்தாம் கிழமை முடிவில் அதே 12 கணக்கை இலக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள். பிழை நீங்கியவர் வெளியே போகலாம், அந்த இடத்துக்கு இன்னொருவர் வரட்டும்.

கேள்வி: கல்வியியற் கல்லூரி முடித்து வந்து இது முதல் வருடம். வகுப்பு கட்டுக்குள் வருவதில்லை. மேற்பார்வைக்கு வந்தவர்கள் படிவத்தில் ‘திருப்தி’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாரிடம் கேட்பது?
— ஆசிரியர், அக்கரைப்பற்று

‘திருப்தி’ என்ற சொல்லால் இதுவரை எந்த ஆசிரியரும் முன்னேறியதில்லை. நல்ல சார்ட்டர்களில் இருந்து எடுக்கத்தக்க இரண்டாவது விடயம் இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பாடவேளை உட்கார்ந்து படிவம் நிரப்புவதற்குப் பதிலாக, கிழமைக்கு ஒரு முறை 15 நிமிடம் பார்த்துவிட்டு, அன்றோ மறுநாளோ 10 நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள். அதில் ஒரேயொரு மாற்றம்தான் சொல்லப்படும். அடுத்த கிழமை வந்து பார்ப்பதும் அந்த ஒன்றை மட்டுமே.

உங்கள் பாடசாலையில் பத்தாண்டு அனுபவமுள்ள ஒருவரை நீங்களே கேளுங்கள், அதிபருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவருடைய ஓய்வுப் பாடவேளையும் உங்கள் வகுப்பும் ஒன்றாக விழும் ஒரு நாளை நேரசூசியில் தேடிக் குறித்துவிடுங்கள். வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் பாட உள்ளடக்கத்துக்கு உதவுவார், ஆனால் அவருக்குக் கீழே எத்தனையோ பாடசாலைகள். கிழமைக்கு ஒரு முறை வர முடியாது.

ஒரு மாற்றம் எப்படி இருக்கும் என்றால், “வகுப்பை நன்றாக முகாமை செய்யுங்கள்” என்பது மாற்றம் அல்ல. “கேள்வியைக் கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணி, அதற்குப் பிறகு பெயரைச் சொல்லுங்கள்” என்பது மாற்றம். பெயரை முதலில் சொன்னால் மற்ற நாற்பது பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் அளந்தபோது ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் காத்திருந்தது சராசரி ஒரு செக்கன். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அல்லது, “கொப்பியை எடுக்கச் சொல்லும்போது நடந்துகொண்டே சொல்லாதீர்கள், ஓரிடத்தில் நின்று சொல்லுங்கள், எல்லாரும் எடுக்கும் வரை அடுத்த வசனம் பேசாதீர்கள்.” இப்படிப்பட்ட மாற்றத்தை அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே வெறும் வகுப்பறையில் நின்று வாயால் சொல்லிப் பழகிப் பார்க்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். பழகாமல் போனால் நாளை காலை 42 பேர் முன்னால் அது ஞாபகம் வராது.

இது கெட்டுப்போவது இரண்டு வழியில். பார்க்க வந்தவர் எட்டுக் குறை சொல்வது ஒன்று. எட்டையும் யாராலும் திருத்த முடியாது. எழுதியது கோப்புக்குள் போய் இடமாற்றத்துக்கும் சம்பள ஏற்றத்துக்கும் சாட்சியாவது மற்றது. அந்தப் பயம் வந்தால் அன்றைக்கு மட்டும் நாடகப் பாடம் நடக்கும். ஆகவே குறிப்புக் கொப்பி ஆசிரியரிடமே இருக்கட்டும், அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.

சார்ட்டரில் இருந்து எடுக்கக் கூடாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அங்கே பல இடங்களில் ஆசிரியர் நீண்ட நாள் வேலை செய்து, இரவிலும் பிள்ளைகளின் தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும். சாதாரண அரச பாடசாலைகளைவிட அங்கிருந்து ஆசிரியர்கள் வேகமாக விலகிப்போவது அதனாலும்தான். நம்மிடம் அதே வேலையை வட்ஸ்அப் குழுக்கள் செய்துகொண்டிருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கு, “நாளை காலைக்குள் விவரம் அனுப்பவும்” என்று வரும் செய்திகளை அதிபர் இடையில் நின்று தடுத்தாலே புதிய ஆசிரியருக்குப் பாதி உதவி.

கேள்வி: நடைபாதையில் பேச்சில்லை, சப்பாத்தில் ஒரு கறை என்றாலும் தண்டனை என்று கடுமையாக நடத்தித்தான் அந்தப் பாடசாலைகள் உயர்ந்தன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நமக்கும் அதுதான் வேண்டும் போலிருக்கிறது.
— பெற்றார், சாய்ந்தமருது

வேண்டாம். அந்த முறையில் புகழ் பெற்றவர்களே அதைவிட்டு விலகிவருகிறார்கள். 1994 இல் ஹூஸ்டனில் தொடங்கிய கிப் என்ற பெரிய சார்ட்டர் அமைப்பு, “கடுமையாக உழை, நல்ல பிள்ளையாக இரு” என்ற தன் பழைய வாசகத்தையே 2020 இல் கைவிட்டது. சிறு குற்றத்துக்கெல்லாம் வகுப்பை விட்டு வெளியேற்றியதில் படிப்பை இழந்தது யாருக்காகப் பாடசாலை திறக்கப்பட்டதோ அதே ஏழைப் பிள்ளைகள்தான். இங்கே பிரம்பு எடுப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடை செய்கிறது. அந்தப் பாடசாலைகளிலிருந்து எடுக்கத்தக்கது ஒழுங்கின் ஒரே மாதிரித்தன்மை. மணி அடித்ததும் எங்கே நிற்பது, கொப்பி எப்படிச் சேர்ப்பது என்பது எட்டுப் பாடவேளையிலும் எட்டு ஆசிரியரிடமும் ஒன்றாக இருந்தால் சத்தம் தானாகக் குறையும்.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்கள் ஒரு தொகை அனுப்பியிருக்கிறார்கள். ஸ்மார்ட் போர்ட் வாங்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
— பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், திருக்கோவில்

திறப்பு விழாப் படத்துக்கு ஸ்மார்ட் போர்ட் நன்றாக இருக்கும். கடலோரத்தில் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும், மின்னழுத்தம் ஏறி இறங்கும், புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைத் துடைக்க யாரும் பொறுப்பில்லை என்றால் சூட்டில் விளக்கு சீக்கிரம் போகும். அந்த விளக்கின் விலையைக் கேட்ட அன்றோடு பெட்டி மூடப்படும். வாங்கியே தீர வேண்டுமென்றால், மின்னழுத்தச் சீராக்கியும் மூன்று வருடப் பராமரிப்புக் காசும் அதே தொகைக்குள் வர வேண்டும்.

நாம் சொல்வது வேறு. முதலில் குடிதண்ணீர், பெண்பிள்ளைகளின் மலசலகூடம். இது இல்லாத இடத்தில் கல்வித் தரம் பேசிப் பயனில்லை. அடுத்தது மேலே ஏறாவூருக்குச் சொன்ன சிறு குழுக் கற்பித்தலுக்கான மணித்தியாலக் காசு. அதற்குப் பிறகு தாள். ஆம், வெறும் ஏ4 தாள்தான். பாடம் முடியும் ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரேயொரு கேள்வி எழுதிய சீட்டைக் கொடுத்து விடையை வாங்கினால், யாருக்கு விளங்கவில்லை என்பது தவணைப் பரீட்சை வரை காத்திராமல் அன்றே தெரிந்துவிடும். ஒரு தாளை நான்காக வெட்டினால் 40 பிள்ளைக்குப் பத்துத் தாள். கிழமைக்கு மூன்று முறை, பத்துக் கிழமை என்றால் 300 தாள். ஒரு கட்டில் 500 இருக்கும். ஒரு வகுப்பின் ஒரு பாடத்துக்கு ஒரு தவணை முழுவதும் ஒரு கட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும். சீட்டுகளைத் திருத்திப் புள்ளி போட வேண்டாம். சரி, பாதி, இல்லை என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும், அது ஆறேழு நிமிட வேலை. ‘இல்லை’ அடுக்கு பாதி வகுப்பாக இருந்தால் நாளை அதே பாடம். நாலைந்து பேர் என்றால் அவர்களுக்கு மட்டும்.

பணம் தனிநபர் கணக்குக்கு வரக் கூடாது. சங்கத்தின் கணக்குக்கு வந்து, கூட்டக் குறிப்பில் ஏறி, என்ன செலவு என்ற தாள் தவணைக்கு ஒரு முறை அனுப்பியவர்களுக்குப் போக வேண்டும். அடுத்த தொகை வருவதும் வராததும் அந்தத் தாளில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வகுப்பின் வரவு 92 வீதம். நல்ல நிலைதானே? ஆனாலும் சில பிள்ளைகள் பின்தங்கியே இருக்கிறார்கள்.
— வகுப்பாசிரியர், வாழைச்சேனை

வகுப்பின் வீதம் பிள்ளையை மறைத்துவிடும். 92 வீத வகுப்புக்குள்ளேயே கிழமைக்கு இரண்டு நாள் வராத மூன்று பேர் இருக்கலாம். இடாப்பை நிரலாகக் கூட்டாமல் வரியாகக் கூட்டுங்கள். அமெரிக்காவில் பாடசாலை நாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிட்ட பிள்ளையை நீடித்த வரவின்மை உள்ள பிள்ளை என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். நமது கணக்கில் அது மாதத்துக்கு இரண்டு நாள் போல வரும். அவ்வளவு குறைவா என்று தோன்றும், ஆனால் ஆண்டு முடிவில் ஒரு மாதப் படிப்பு போயிருக்கும்.

மாத முடிவில் இரண்டைத் தாண்டியவர்களின் பெயரை எடுத்து, எந்தக் கிழமை நாள் என்று பாருங்கள். திங்கள் மட்டும் என்றால் ஒரு காரணம், மீன்பாடு உள்ள நாட்கள் என்றால் வேறொன்று, தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிறுத்துவது இன்னொன்று. மாரியில் வெள்ளம் ஏறும் நாட்களை இதில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். அந்நாட்களில் தவறிய பாடத்தை முழு வகுப்புக்கும்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு, வராத அன்றே காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு ஓர் அழைப்பு. “ஏன் வரவில்லை?” என்று தொடங்கினால் பொய்தான் வரும். “பிள்ளைக்கு என்ன, இன்றைக்குக் காணவில்லை, நாளைக்கு வருவாதானே?” என்று கேட்டால், பஸ் காசு இல்லை என்பதைக்கூடத் தாய் சொல்லிவிடுவார்.